புகைபோக்கிக்கு மேலே நான், கீழே பிரீத்தி

பச்சைமலை முருகன் துணை

ஈஸ்ட் பிரன்ஸ்விக்,
24-11-1998

அன்பு மகள் கண்மணிக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அம்மாவும் உன் தம்பி சபரி வீட்டில் சுகமாக இருக்கிறோம். எனக்கு இடுப்பு மட்டும் மூன்று நாளாகப் பிடித்திருக்கிறது, அதன் காரணம் இந்தக் கடிதத்திலேயே வரும். அங்கு நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருப்பதை உன் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன், உடம்பு சரியில்லாதபோது உன் எழுத்து வலப்பக்கம் கீழே சாயும். போன வாரம் வந்த கடிதத்திலும் கடைசி வரியில் வழக்கமான கேள்வியைக் கேட்டிருந்தாய், பிரீத்தியிடம் பேசினீர்களா இல்லையா என்று. விமான நிலையத்தில் அத்தனை பேர் முன்னால், தம்பி பொண்டாட்டிகிட்டப் பேசாமத் திரும்பி வந்தீங்கன்னா எங்கிட்டயும் பேச வேண்டாமுங்கப்பா என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஆறு வாரமாக அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதாமல் இங்கே குளிர் அதிகம், பால் நன்றாக இருக்கிறது என்று எழுதி ஓட்டிவந்தேன். இந்த முறை பதில் இருக்கிறது. ஆனால் அதை வீட்டுப் புகைபோக்கியிலிருந்து ஆரம்பித்தால்தான் உனக்குப் புரியும். உன் அம்மாவும் தனியாக உனக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள், அதில் நான் கூரை மேல் கைகால் நடுங்க நின்றதாக வரும். நம்பாதே, அன்றைக்குக் காற்று அதிகம்.

முதலில் இந்த வீடு ஒன்றரை மாதமாக எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சபரி நம்மைக் கேட்காமல், நம் ஜாதியும் இல்லாத நம் பக்கத்து ஊரும் இல்லாத ஒரு சென்னைப் பெண்ணுக்கு இங்கேயே கோவிலில் வைத்துத் தாலி கட்டியதும், அப்பா வாங்கப்பா என்று போனில் கெஞ்சியும் நான் போகாமல் உன் அம்மாவையும் போகவிடாமல் இருந்ததும் நீ அறிந்ததுதான். இப்போது வீடு வாங்கி டிக்கெட்டும் அனுப்பிவிட்டான், நீங்க வந்தாலும் வராட்டியும் நான் போறனுங்க என்று உன் அம்மா பெட்டியைக் கட்டிவிட்டாள், தனியாக இருந்தால் எனக்குக் காபி போடத் தெரியாது, அதனால் வந்தேன். ஆனால் பேச மாட்டேன் என்ற வீம்பை மட்டும் விடவில்லை. எனக்கு ஏதாவது வேண்டுமென்றால் உன் அம்மாவிடம் சொல்வேன், அவள் பிரீத்தியிடம் சொல்வாள். சாப்பாட்டு மேசையில் பிரீத்தி எனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். சாம்பார்ல உப்புக் கம்மின்னு சொல்லு என்று நான் உன் அம்மாவிடம் சொல்வேன். அந்தப் பெண் காதில் விழாத மாதிரி தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். உன் அம்மா அவள் பக்கம் திரும்பி, மாமாவுக்கு உப்பு வேணுமாம் சாமி என்று முறைப்படி சொன்ன பிறகுதான் உப்பு டப்பா நகரும். தீபாவளிக்கு அவள் எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, அளவு சரியா இருக்குதுன்னு சொல்லு என்றேன். அத்தை, மாமாவுக்கு அந்தக் கலர் சூட் ஆகுதுன்னு சொல்லுங்க என்று பதில் வந்தது. மூன்று பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் உன் அம்மா, கழுத்து வலிக்கிறது என்று இரண்டு பேரையும் திட்டிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் வீம்புக்காரன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், அந்தப் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை.

இனி புகைபோக்கிக்கு வருகிறேன். இந்த வீட்டுக் கூடத்தில் சுவரோடு சேர்ந்து செங்கல்லில் கட்டிய கணப்பு ஒன்று இருக்கிறது, ஃபயர்ப்ளேஸ் என்கிறார்கள், கட்டை போட்டு எரித்துக் குளிர்காய்வதற்கு. வருகிற வியாழக்கிழமை இங்கே தேங்க்ஸ்கிவிங் என்று ஒரு பண்டிகை, பிரீத்தி தன் ஆபீசில் கூட வேலை பார்ப்பவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள், புது வீட்டில் முதல் விருந்து, அன்று அதில் நெருப்பு எரிய வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வீடு வாங்கும்போதே, புகைபோக்கியைச் சுத்தம் செய்யாமல் பற்றவைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். சுத்தம் செய்கிறவர்கள் டிசம்பர் பாதியில்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டார்கள். சபரியோ ஹூஸ்டனில் ஆபீஸ் வேலை என்று போன திங்கட்கிழமையே விமானம் ஏறிவிட்டான். இவள் என்ன செய்தாள் தெரியுமா, லைப்ரரிக்குப் போய் ஒரு புத்தகம் எடுத்துவந்தாள், புகைபோக்கியை நாமே சுத்தம் செய்வது எப்படி என்று. அடுத்த நாள் டார்ச்சும் டேப்பும் எடுத்துக்கொண்டு கணப்புக்குள் தலையை விட்டு அகலம் நீளம் அளந்தாள். அதற்கு அடுத்த நாள் அதே அளவுக்கு ஒரு சதுரக் கம்பி பிரஷ்ஷும் கயிறும் கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு மாஸ்க்கும் வாங்கிவந்தாள். செய்ய வேண்டியதையெல்லாம் வரிசையாக எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். நான் காபி குடிக்கிற சாக்கில் போய்ப் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படித்ததில் மூன்றாவது வரி, பிரீத்தி கூரை மேல் ஏறுவது. எனக்குப் பொறுக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் சர்க்கரை ஆலையில் பாய்லர் ஃபோர்மேனாக இருந்தவன் வீட்டில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்க, ஒரு பெண் புத்தகத்தைப் பார்த்துப் புகைபோக்கி துடைப்பதா. கூரை மேல நான் ஏறுறேன்னு சொல்லு என்றேன். மாமாவுக்கு அறுபத்திரண்டு வயசாகுதுன்னு சொல்லுங்க அத்தை என்றாள். அறுபத்தொண்ணுன்னு சொல்லு என்றேன். உன்னிடம் மட்டும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், மில்லில் நான் ஒருநாளும் சிம்னியில் ஏறியதில்லை. ஏறுகிறவர்கள் ஏறினார்கள், நான் கீழே நின்று விசில் ஊதினேன். இதை உன் தம்பிக்கு எழுதாதே.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேலை ஆரம்பம். நாலு வீடு தள்ளி இருக்கும் கஸ்தூரிரங்கன் என்பவரிடம் பிரீத்தி ஏணி வாங்கிவந்தாள். அந்த மனிதர் கார் நிறுத்தும் கராஜில் இல்லாத சாமான் இல்லை, எதையும் அவர் உபயோகித்ததும் இல்லை. இது மாடியில்லாத வீடு, கூரையும் அவ்வளவு சரிவில்லை, நம் ஊர் ஓட்டுவீட்டில் ஏறுகிற மாதிரிதான். சபரியின் ஓட்டப் பந்தய ஷூ, அதற்குள் இரண்டு ஜோடி சாக்ஸ், தலையில் மங்கி குல்லா, இடுப்பில் ஒரு கயிறு. மேலே போனதும் அந்தக் கயிற்றைப் புகைபோக்கியில் கட்டாமல் வேலையைத் தொடக் கூடாது என்று அத்தை மூலமாக மூன்று முறை உத்தரவு வந்தது. வேலை என்னவென்றால், பிரஷ்ஷுக்கு இரண்டு முனையிலும் கயிறு கட்டி, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று மாற்றி மாற்றி இழுக்க வேண்டும், உள்சுவரில் படிந்த கரி உதிர்ந்து கீழே விழும். அந்தக் கரி லேசான சமாசாரமில்லை கண்மணி, தார் மாதிரி இறுகி ஒருநாள் அதுவே தீப்பிடித்துக்கொள்ளும், மில்லில் பார்த்திருக்கிறேன். கீழே பிரீத்தி கணப்பின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடி நாலு பக்கமும் டேப் ஒட்டி, நடுவில் ஒரு கீறல் போட்டு அதன் வழியாகக் கயிற்றை வெளியே எடுத்து வைத்திருந்தாள். எல்லாம் புத்தகப்படி. புத்தகத்தில் இல்லாதது ஒன்றுதான். இழுக்கச் சொல்லு என்று நான் கூரையிலிருந்து சொன்னால், ஏணியடியில் நிற்கும் உன் அம்மா தோட்டத்தைச் சுற்றிக் கூடத்துக் கண்ணாடிக் கதவு வரை நடந்து, இழுக்கணுமாம் சாமி என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் பொறுமை இழந்து மேலே இழுத்துவிடுவேன், அப்போதுதான் பிரீத்தி கீழே இழுப்பாள். ஒரு மணி நேரம் இப்படி மாமனாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் கயிறு இழுக்கும் போட்டி நடத்தினோம். நடுவில் நடந்து நடந்து உன் அம்மாவுக்குத்தான் மூச்சு வாங்கியது.

பாதியில் பிரஷ் எதிலோ சிக்கி நின்றுவிட்டது. புகைபோக்கி வாயை மூடும் மேல்மூடியின் கம்பிவலை கிழிந்திருந்ததால் உள்ளே ஏதோ குருவி கூடு கட்டியிருக்கிறது, அது அப்போது எனக்குத் தெரியாது. நாலடி தூக்கி ஓங்கி விட்டால் தானாக இறங்கும் என்று பட்டது. கீழே பார்த்து, ஒதுங்கி நிக்கச் சொல்லு, வேகமா உடப்போறேன் என்றேன். அந்த நேரம் பார்த்துக் கஸ்தூரிரங்கன் தன் ஏணி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார். உன் அம்மா அவரிடம் இங்கே முருங்கைக்காய் டின்னில் வருவதைப் பற்றி விசாரித்துக்கொண்டே, சொல்றனுங்க சொல்றனுங்க என்று என் பக்கம் கையை ஆட்டினாள். சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். பிரீத்தியோ எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்க்க ஒரு பக்கம் டேப்பைப் பிரித்து, டார்ச்சோடு தலையை உள்ளே விட்டிருக்கிறாள். தூக்கினேன், விட்டேன். தொம்மென்று ஒரு சத்தம், கூடும் கரியும் குச்சியும் எல்லாம் சேர்ந்து இறங்கின. கீழே ஒரு அலறல். உன் அம்மாவைக் கூப்பிடத் தோன்றவில்லை, வேறு எதுவும் தோன்றவில்லை, புகைபோக்கிக்குள் தலையை விட்டு, பிரீத்தி, பிரீத்தி, அடி பட்டிருச்சா புள்ள என்று கத்தினேன். அவள் பெயரை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் இருமல் மட்டும் கேட்டது. பிறகு புகைபோக்கி வழியாகவே குரல் ஏறி வந்தது. ஒண்ணும் ஆகல மாமா, கண்ணாடி மாஸ்க் எல்லாம் போட்டிருக்கேன், கார்ப்பெட்தான் டோட்டலா போச்சு என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அந்தப் பாலாடை நிறக் கார்ப்பெட்டில் அரை வண்டிக் கரி. அழ வேண்டிய பெண் சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்கப்புறம் உன் அம்மா தேவைப்படவில்லை. புகைபோக்கி அருமையான டெலிபோன், நீங்க இழுங்க மாமா என்றால் பக்கத்தில் நின்று சொல்வது மாதிரிக் கேட்கிறது. இழுத்துக்கொண்டே பேசினோம். மில்லில் பாய்லர் எத்தனை டன் என்று கேட்டாள், சொன்னேன். நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டேன், மத்தவங்க எழுதுற ப்ரோகிராம்ல தப்புக் கண்டுபிடிக்கிற வேலை மாமா என்றாள், அதனால்தான் உப்பு டப்பாவுக்கு அவ்வளவு முறை பார்த்திருக்கிறாள். முகம் தெரியாத தைரியமோ என்னவோ, எனக்கு மனதில் இருந்ததைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஓட்டைக்குள் குனிந்து, பிரீத்தி, கல்யாணத்துக்கு நாங்க வராததுக்கு உம்மேல ஒரு குறையும் இல்ல, உன்னத் தெரியவே தெரியாது, அப்பறம் என்ன குறை, எல்லாம் என்னோட பிடிவாதம், நான் வந்திருக்கோணும், தப்பு எம்மேலதான் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். கேட்டுச்சா புள்ள என்றேன். அப்போது உன் அம்மாவின் குரல் வந்தது. அந்தப் புள்ள வேக்குவம் வாங்கக் கஸ்தூரிரங்கன் ஊட்டுக்குப் போயிருக்குதுங்க, நாந்தான் கவுத்தப் புடிச்சிட்டு உக்காந்திருக்கறேன் என்றாள். பிரீத்தி போகும்போது மாமாகிட்டச் சொல்லிடுங்க என்றுதான் சொல்லிப் போனாளாம். சொல்ல மறந்துவிட்டேன் என்கிறாள் உன் அம்மா. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவள் எதையாவது மறந்து நான் பார்த்ததில்லை. சரி, அவ வந்ததும் நீயே சொல்லிரு என்றேன். ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாக மறுத்துவிட்டாள். உப்பு புளி எல்லாம் கொண்டுபோய்ச் சொன்னனுங்க, இத மட்டும் நாஞ் சொல்ல மாட்டேன், எறங்கி வந்து நீங்களே மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க என்றாள்.

அப்புறமும் அரை மணி நேரம் கூரை மேலேயே இருந்தேன். மேல்மூடியைத் திருகி மாட்டுகிற வேலை இருந்தது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது ஐந்து நிமிஷ வேலை. பிறகு இறங்கினேன். பிரீத்தி வீட்டு முன்னால் கார் நிற்கும் டிரைவ்வேயில், தூசியை உறிஞ்சி எடுக்கிற அந்தப் பெரிய வேக்குவத்தைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு வந்தாள், கண்ணாடியும் மாஸ்க்கும் இருந்த இடம் தவிர முகமெல்லாம் கரி. நானும் அதே கோலம்தான். மேலே அவ்வளவு சரளமாக வந்த பேச்சு கீழே வரவில்லை. நான் வந்திருக்கோணும் புள்ள, அது மட்டும்தான் வந்தது. எதைச் சொல்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. வேக்குவத்தின் பிடியைப் பிடித்தபடியே நின்றாள். அன்னிக்கு முன் வரிசைல ரெண்டு சேர் காலியா போட்டு வெச்சிருந்தோம் மாமா, கடைசி நிமிஷத்துல வந்துருவீங்கன்னு சபரி சொல்லிட்டே இருந்தான், முடியற வரைக்கும் அதுல யாரையும் உக்கார விடல என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். அவள் கையிலிருந்து வேக்குவத்தை வாங்கிக்கொண்டேன். அவள் முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், மூக்கும் கறுப்பானது. ஷூவக் கழட்டிட்டு உள்ள வாங்க மாமா, இருக்கிற கார்ப்பெட்டாவது மிஞ்சட்டும் என்றாள்.

கார்ப்பெட்டைச் சுத்தம் செய்ய மூன்று மணி நேரம் ஆயிற்று, கணப்புக்கு முன்னால் மட்டும் ஒரு சாம்பல் வட்டம் நின்றுவிட்டது, அதன் மேல் விரிப்புப் போட்டிருக்கிறோம். இப்போது அந்தப் பெண் என்னிடம் பேசுவதோடு நிற்கவில்லை, சண்டையும் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதல் முதலாகக் கட்டை அடுக்கினோம். காற்றுப் போக நடுவில் இடைவெளி வேண்டும் என்றேன், புக்ல அப்படி இல்ல மாமா, நீங்க சொல்றது ராங் என்றாள். முப்பத்தொரு வருஷம் பாய்லர் பார்த்தவனிடம்! இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும்போது ஹூஸ்டனிலிருந்து சபரி பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு காரில் ஏதோ வைத்துவிட்டேன் என்று வெளியே போனவன் பத்து நிமிஷம் உள்ளே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது, ஃப்ளைட்டில் தூக்கமில்லை என்றான். உன் தம்பிக்குப் பொய் சொல்லத் தெரியாது, அது உன் அம்மா வழி இல்லை, என் வழி. நெருப்பு நன்றாகப் பிடித்தது, ஒரு பொட்டுப் புகை கூடக் கூடத்துக்குள் வரவில்லை. கட்டை அடுக்கியது என் முறைப்படி.

ஆக, நீ கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன், இனி நீ என்னோடு பேசலாம். குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், காலையில் தலைக்கு ஊற்றாதே. உன் சமையலறை ஜன்னலுக்கு மேல் புகை போகிற ஓட்டையில் ஒட்டடை அடைத்திருப்பதை வரும்போது பார்த்தேன், மாப்பிள்ளையை ஏறி அடிக்கச் சொல், நீ கீழே நின்று மேலே பார்க்காதே. நாங்கள் மார்ச் முதல் வாரம் புறப்படுகிறோம். பச்சைமலை முருகன் அருளால் நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

மறந்துவிடாமல் செய்ய வேண்டிய காரியம் ஒன்று. சபரி உனக்கு அனுப்பிய கல்யாணப் போட்டோக்களை உன் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாய். உன் அம்மா மாதம் ஒரு தடவை கோபியிலிருந்து ஈரோட்டுக்கு உன் வீட்டுக்குப் பஸ் ஏறுவது எதற்கென்று எனக்குத் தெரியாது என்று இரண்டு பேரும் நினைத்திருந்தீர்கள். நீ ஒருநாள் காபி போட உள்ளே போனபோது நானும் எடுத்துப் பார்த்தேன். ஒரு போட்டோவில் முன் வரிசையில் இரண்டு நாற்காலி காலியாகக் கிடந்தன. பார், நாற்காலி நிறையக்கூட ஆள் வரவில்லை என்று அன்றைக்கு எனக்கு ஒரு சந்தோஷம். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போடு. சாவி உன்னிடம் இருக்கிறது, நம் வீட்டுக்குப் போய்க் கூடத்தில் என் பணி ஓய்வு விழாப் படத்தை இறக்கிவிட்டு அந்த ஆணியில் இதை மாட்டு. நான் உள்ளே நுழையும்போது அது சுவரில் இருக்க வேண்டும். கடைக்காரர் அழகாக இருக்கும் என்று ஓரத்தை வெட்டப் பார்ப்பார். விடாதே. அந்த இரண்டு நாற்காலியும் முழுதாகத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சுப்பையன்